மருந்து கலாஸ்

நான் வேலை பார்த்த துப்பாக்கி சுடும் கிளப்பின் விதிப் புத்தகத்தில் இன்றும் ஒரு வரி இருக்கிறது. தோட்டா நிரப்பும் அறையிலும் சுடுதளத்திலும் ‘கலாஸ்’ என்ற சொல்லை யாரும், எந்த மொழியில் பேசும்போதும், சொல்லக் கூடாது.

வளைகுடாவில் இந்தச் சொல்லைத் தடை செய்வது ஊரில் ‘சரி’ என்ற சொல்லைத் தடை செய்வதைப் போன்றது. வேலை முடிந்தால் கலாஸ். சோறு தீர்ந்தால் கலாஸ். பேச்சு போதும் என்றால் கலாஸ். விசா போனால் அதுவும் கலாஸ். அரபி ஒரு எழுத்துத் தெரியாதவர்கூட விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்குள் கற்றுக்கொண்டுவிடுவார்.

அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் ரேஞ்ச் ஆபீசர், சுடுதளத்தைக் கவனிக்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பெண், போன வாரம் எனக்குப் போன் செய்தாள்.

“சார், புக்ல கலாஸ் சொல்லக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்குங்களே, அத எந்தப் புண்ணியவானுங்க எழுதுனது?”

“நான்தாம்மா.”

“சாரிங்க சார். பசங்க ரொம்ப சிரிக்கறாங்க, அதான் கேட்டனுங்க.”

“சிரிக்கட்டும். காரணம் சொல்லாமல் எழுதப்பட்ட விதி அப்படித்தான் இருக்கும்.”

“அப்ப காரணத்த எழுதிக் குடுங்க சார். ட்ரெயினிங்ல படிக்க வெக்கறேன்.”

எழுதுகிறேன். வேறு வேலையும் இல்லை. ஓய்வு பெற்று, வளைகுடாவிலேயே முவைலாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். காலையில் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூட பஸ் ஏறுகிறார்கள். அதன்பிறகு ஏசியின் சத்தமும் நானும்தான். நாங்கள் தோட்டா நிரப்பிய அறையில் இப்போது காப்பிக் கடை நடக்கிறதாம். அது ஒருவகையில் முன்னேற்றம். காப்பி தீர்ந்துபோனால் யாருக்கும் கை போகாது.

என் படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேதியியலில் முதுகலை. ஊரில் வெடிமருந்து சம்பந்தப்பட்ட அரசாங்க வேலையில் சில ஆண்டுகள். அங்கே கற்றது ஒன்றே ஒன்று: விபத்து நடந்த பிறகு எல்லோருக்கும் விதிகள் மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். பிறகு இங்கே வந்தேன். சான்றிதழ்களை நான்கு இடங்களில் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்த எனக்கு வேலை கொடுத்தவர் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவரை எல்லோரும் பூ சயீத் என்பார்கள். சயீதின் தகப்பனார் என்று அர்த்தம். இந்த நாட்டுக்காரர், ராணுவத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், கிளப்பின் சுடுதளத்துக்கும் ஆயுதங்களுக்கும் அவர்தான் பொறுப்பு. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். சட்டைப் பையில் பேனா வைத்திருந்த குற்றத்துக்காக என்னை ‘உஸ்தாத்’, வாத்தியார், என்றே கடைசிவரை கூப்பிட்டார்.

நேர்முகத் தேர்வு இப்படி நடந்தது. அலமாரியிலிருந்து ஒரு ரிவால்வரை எடுத்தார். உருளையைத் திறந்து ஆறு அறைகளையும் பார்த்தார். பார்த்தது போதாமல் ஒவ்வொரு அறையிலும் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். நானும் அப்படியே செய்து காலி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். வாங்கியவர் மறுபடி முதல் அறையிலிருந்து சுண்டு விரலை விட ஆரம்பித்தார். எனக்குச் சுருக்கென்றது.

“இப்போதுதானே பார்த்தேன்?” என்று இந்தியில் கேட்டேன்.

“இன்த்தா ஷூஃப், இன்த்தா. அனா ஷூஃப், அனா” என்றார். நீ பார்த்தது உனக்கு, நான் பார்ப்பது எனக்கு. அரபி இலக்கணம் படித்தவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். எங்களைப் போன்றவர்களுக்காக இந்த நாட்டுக்காரர்கள் தங்கள் மொழியை அந்த அளவுக்கு உடைத்துப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சுடுகிற கோட்டில் நிற்பவர் விதியை மீறினால் இரண்டு விரலைக் காட்டிப் பின்னால் வரச் சொல்வார். அவ்வளவுதான். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், மற்ற எல்லோரும் சுட்டு முடிக்கிற வரை. வங்கித் தலைவராக இருந்தாலும் நிற்க வேண்டும். விசாரணை என்று வந்தால் ‘நினைத்தேன்’ என்ற சொல் அவரிடம் செல்லாது. “ஃபிக்ர் மாஃபி” என்பார். நினைப்பெல்லாம் கிடையாது. கண் என்ன பார்த்தது, காது என்ன கேட்டது, அதை மட்டும் சொல்.

ஒருமுறை பெரிய தொழிலதிபர் ஒருவர் புகைப்படக்காரரோடு வந்தார். கேமராவை நோக்கித் துப்பாக்கியை நீட்டியபடி படம் வேண்டுமாம். முடியாது என்றேன். கிளப் மேனேஜர் ஓடி வந்து, காலித் துப்பாக்கிதானே, ஒரே ஒரு படம்தானே என்று என்னைக் கெஞ்சினார். பூ சயீத் யோசித்துவிட்டு, எடுக்கலாம் என்றார். ஆனால் கேமராவைப் பிடித்துக்கொண்டு மேனேஜர்தான் எதிரில் நிற்க வேண்டும். படம் அவ்வளவு அவசியமில்லை என்பது மேனேஜருக்கு உடனே விளங்கிவிட்டது.

இனி நிரப்பும் அறை. வெளியாட்களுக்கு இது விநோதமாக இருக்கும். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைத் தூக்கி எறியாமல் சுத்தம் செய்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, புதியது பொருத்தி, மருந்து போட்டு, மேலே ஈயக் குண்டை அழுத்தினால் மறுபடி தோட்டா. பிரைமர் என்பது கூட்டின் அடியில் இருக்கும் சிறு மூடி. அடி விழுந்தால் பொறி தரும். அந்தப் பொறியில் மருந்து எரியும். மருந்து எரிந்தால் குண்டு போகும். உறுப்பினர்களில் சிலர் குறி பார்த்துச் சுடுவதைவிட இந்த வேலையை அதிகம் விரும்பினார்கள். அதற்கு முறையான அனுமதி வாங்கி, எங்கள் கண் முன்னால், எங்கள் மேசையில், அவரவர் தோட்டாவை அவரவர் நிரப்பிக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தோம். அறையை விட்டு ஒரு பிரைமர்கூட வெளியே போகாது. போன் உள்ளே வராது. மேசைமேல் ஒரே ஒரு வகை மருந்து மட்டும்.

மருந்து போடும் கட்டம்தான் உயிர். மரத்தட்டில் ஐந்து ஐந்தாகப் பத்து வரிசைக் குழிகள், குழிக்கு ஒரு கூடு. மேலே மருந்துக் குடுவை. நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஒரு கூட்டுக்கு வேண்டிய மருந்து விழும். தட்டு முழுவதும் போட்டு முடிந்த பிறகு, போட்டவர் அல்லாத வேறொருவர் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் குண்டு. குண்டு ஏறிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஆண்டவனுக்கும் அந்தத் தோட்டாவுக்கும்தான் தெரியும். எடை போட்டுக் கண்டுபிடிக்கலாமே என்று புத்திசாலிகள் கேட்பார்கள். முடியாது. இந்த இலேசான பயிற்சித் தோட்டாவில் மருந்தின் எடையைவிடக் கூட்டுக்குக் கூடு இருக்கும் எடை வித்தியாசம் அதிகமாகிவிடும்.

போட்டவரே ஏன் பார்க்கக் கூடாது? போட்டவருக்குப் போட்ட நினைவு இருக்கும். நினைவு இருக்கிற கண் காலியாக இருக்கும் கூட்டிலும் மருந்தைப் பார்க்கும். இதையெல்லாம் நான்தான் எழுதினேன். ஊழியர் மீறினால் வேலை நீக்கம், பாதுகாப்புக் குற்றம் என்ற குறிப்போடு விசா ரத்து. உறுப்பினர் மீறினால் சுடுகிற கோட்டுக்கு நிரந்தரமாகத் தடை. இரண்டையும் ஒரே அளவு எழுத்தில் அச்சடிக்கச் சொன்னேன், பாரபட்சம் கூடாதே என்று.

நிரப்பும் அறை ஊழியன் செல்வம். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். கட்டட வேலைக்கு வந்தவனைக் கை சுத்தமாக இருக்கிறது என்று பூ சயீத் பொறுக்கி எடுத்தார். கை சுத்தம் என்றால் நிஜமாகவே நகத்தைப் பார்த்துப் பொறுக்கினார். கேம்ப்பிலிருந்து வந்ததும் முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் மேசையில் உட்காருவான்.

அவனோடு உட்கார்ந்து நிரப்புகிறவர்களில் முக்கியமானவர் ஹாஜியார். கீழக்கரைக்காரர், பர் துபாயில் துணிக்கடை. அறுபதைத் தாண்டிய பிறகு கைத்துப்பாக்கிக் குறி சுடுவதில் இறங்கினார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“கடைல காலைலேர்ந்து பேரம் சார். பத்து திர்ஹம்னா எட்டுக்கு, எட்டுன்னா ஏழுக்கு. இங்க பாருங்க, ஒன்பதுல பட்டா ஒன்பதுதான். ஒன்பதரை போட்டுக் குடுன்னு எவனும் கேக்க முடியாது. அந்தக் காகிதத்தப் பாத்தாலே மனசு அடங்குது.”

“அதற்குக் கடையில் விற்கும் தோட்டா போதாதா?”

“அது ரெடிமேட் சட்டை சார். நான் துணிக்கடைக்காரன்.”

அவருக்கு வேறு பொழுதுபோக்கு இருந்ததாகத் தெரியவில்லை. மனைவி காலமாகி, மகன்கள் கனடாவில். வார விடுமுறையில் நாங்கள் கதவைத் திறப்பதற்கு முன்பே கார் நிற்கும். அவர் சுடுவது பெரிய சுடுதல் இல்லை. ஆனால் வருடத்துக்கு வருடம் குண்டுகள் நடுவட்டத்தை நெருங்கிக்கொண்டே வந்தன. அந்த ஆண்டு கிளப்பின் மூத்தோர் அணியில் பெயர் வந்திருந்தது. கடைக்குத் துணி வாங்க வருகிற பெண்களிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

நடந்தது ஒரு பயிற்சி நாளில். ஹாஜியார் தான் நிரப்பிய தோட்டாக்களோடு மூன்றாம் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்தார். நான் பின்னால் நின்றேன். இரண்டு சுட்டார். மூன்றாவதில் அறைகிற சத்தம் வரவில்லை. சோடா மூடியைத் திறந்தது போல ஒரு ‘புக்’. காதுக்கவசம் போட்டிருந்ததால் அது எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. பார்த்தேன். அவர் கை எகிறவில்லை.

ரிவால்வரில் இதுதான் ஆபத்து. அடுத்த தோட்டா தானாகவே குழலுக்கு நேராக வந்து நிற்கும். விரலை இழுத்தால் போதும். ஹாஜியார் ஏதோ சரியில்லை என்று நினைத்துக்கொண்டே, பழக்கத்தில், மறுபடி குறி பார்த்தார். நான் “ஸ்டாப்!” என்று கத்திக்கொண்டே அவர் தோளில் கையை வைத்து அழுத்தினேன். சுட்டுக்கொண்டிருப்பவரைத் தொடக் கூடாது என்பதும் என் விதிதான். விரலை எடுத்தார்.

பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி. வெடிக்காத தோட்டா தாமதமாக வெடிக்கவும் கூடும். ஆகையால் துப்பாக்கி முனையை இலக்கிலிருந்து திருப்பாமல் அசையாமல் காத்திருந்தோம். பக்கத்துத் தடங்களை நிறுத்தினேன். உருளையைத் திறந்து காலி செய்து, குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டேன். பாதியில் முட்டி நின்றது. பிரைமரின் பொறி மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளியிருக்கிறது. அதை வெளியே தள்ள மருந்து இல்லை.

ஹாஜியார் கம்பியைப் பார்த்தார். “அடுத்தத சுட்டிருந்தா?”

“குழல் பிளந்திருக்கும்.”

“கை?”

அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதைப் பையில் வைத்துக்கொண்டார், யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பது போல.

அவர் பெட்டியில் மிச்சமிருந்த தோட்டாக்களை எல்லாம் தட்டிப் பிரித்தோம். இன்னும் நான்கில் மருந்து இல்லை. ஆக ஐந்து.

மேனேஜருக்கு உரிம அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அறிக்கையில் காரணம் என்ற கட்டம் இருக்கிறது. மேனேஜர்கள் அந்தக் கட்டத்தில் எப்போதும் ஒரு ஆளின் பெயரை எழுதுவார்கள். செல்வத்தைக் கூப்பிட்டார். நான் மொழிபெயர்க்க உட்கார்ந்தேன்.

“ஹாஜியார் சொன்னாரு சார். பாத்தாச்சு, மருந்து கலாஸ்னாரு. தட்ட தள்ளிட்டு அசர் தொழுகைக்குப் போயிட்டாரு. நான் குண்ட ஏத்துனேன்.”

“அவர் பார்த்தாச்சுன்னு சொன்னா? உன் கைல டார்ச் எதுக்குக் குடுத்திருக்கு?”

தலையைக் குனிந்துகொண்டான். “பெரிய மனுஷன் பாத்தாச்சுன்னு சொன்னப்புறம் நான் டார்ச் அடிச்சா, உங்கள நம்பலன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா சார்?”

இதற்கு என் புத்தகத்தில் விதி இல்லை. நான் எழுதியது துப்பாக்கிகளுக்கும் மருந்துக்கும். மரியாதைக்கு எழுத மறந்துவிட்டேன்.

மேனேஜர் அடுத்து ஹாஜியாரைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டார். மருந்து போட்டு முடித்தாகிவிட்டது என்று ஊழியரிடம் சொன்னீர்களா? ஹாஜியார் யோசிக்கவே இல்லை. “நோ. நெவர்.” அதை எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. மேனேஜரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது. டார்ச் அடிக்காதது ஒரு குற்றம். அதை மறைக்க உறுப்பினர்மேல் பொய் சொன்னது இன்னொரு குற்றம். செல்வத்தின் பாஸ்போர்ட் எங்கே என்று அலுவலகப் பையனிடம் கேட்டார்.

செல்வம் வராந்தாவில் நின்றிருந்தான்.

“ஊருக்குப் போறது பத்தி இல்ல சார். போறேன். ஆனா டார்ச் அடிக்கலன்னு அனுப்புங்க. பொய் சொன்னேன்னு எழுதி அனுப்பாதீங்க. எங்கூருல பத்துப் பேரு இங்கதான் இருக்காய்ங்க. நாளைக்கே தெரிஞ்சுரும். ஹாஜியார் மேல பொய் சொன்னவன்னு காலத்துக்கும் நிக்கும்.”

“அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்கிறாரே?”

“அப்ப என் காதுல விழுந்தது என்ன சார்?”

இரண்டு பேரையும் பல வருடமாகப் பார்க்கிறேன். இரண்டு பேரும் பொய் சொல்கிற ஆட்கள் இல்லை. அப்படிப்பட்டவர்கள் இரண்டு பேர் எதிரெதிராகச் சொல்லும்போதுதான் விசாரணை செய்கிறவனுக்குக் களைப்பு வரும். ஒரு பொய்யனாவது இருந்தால் வேலை சுலபம்.

பூ சயீத் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“கம்ஸா?” ஐந்தா?

“கம்ஸா.”

தட்டைக் காட்டச் சொன்னார். ஒரு வரிசையின்மேல் சுட்டு விரலை வைத்து நகர்த்தினார். ஐந்து குழி. கவனக்குறைவாக விட்டிருந்தால் இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று விட்டுப்போயிருக்கும். இது ஒரு முழு வரிசை. எங்கேயோ ஏதோ நின்றிருக்கிறது.

“நாளைக்கு இரண்டு பேரும் அன்று செய்ததை மறுபடி செய்யட்டும். பேச்சும் அன்று பேசிய பேச்சு. உஸ்தாத், நீ வாயை மூடிக்கொண்டு பார்.”

மறுநாள் நால்வரும் அறையில் இருந்தோம். மேனேஜர் கதவோரம் நின்றார். பிரைமர் இல்லாத காலிக் கூடுகள் தட்டில். குடுவையில் மருந்துக்குப் பதில் கேன்டீனிலிருந்து வாங்கி வந்த ரவை, கடைசி வரிசைக்கு முன்னால் தீர்ந்துபோகிற அளவு. அந்தக் குடுவையைப் பிறகு சுத்தம் செய்தது யார் என்று யாரும் கேட்டதில்லை.

ஹாஜியார் உட்கார்ந்தார். கூட்டத்தைப் பார்த்துச் சங்கடப்பட்டாலும் கை வேலையில் இறங்கியதும் எங்களை மறந்துவிட்டார். நெம்பை இழுப்பார், கூட்டை மாற்றுவார், இழுப்பார். ஒரு வரிசை முடிந்ததும் தானே டார்ச்சை எடுத்து அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டார். இந்தப் பழக்கம் விதியில் இல்லை, யாரும் சொல்லித் தரவும் இல்லை. கடையில் துணியை இரண்டு முறை அளக்கிற கை அது.

ஒன்பதாவது வரிசை முடிந்தது. பார்த்தார். பத்தாவதில் முதல் கூட்டுக்கு நெம்பை இழுத்தார். ஒன்றும் விழவில்லை. குடுவையைத் தட்டினார். காலி.

“பாங்கு சொல்லியாச்சு ஹாஜியாரே” என்று நான் எடுத்துக் கொடுத்தேன். வாயை மூடு என்று பூ சயீத் கையைக் காட்டினார்.

தேவையே இருக்கவில்லை. ஹாஜியார் எழுந்தார். வழக்கம்போலத் தட்டை இரண்டு கையாலும் செல்வத்தின் பக்கம் தள்ளினார்.

“பாத்தாச்சு தம்பி. மருந்து கலாஸ்.”

செல்வத்தின் கையும் அதன்பாட்டுக்கு வேலை செய்தது. முதல் கூட்டை எடுத்துக் குண்டு அழுத்தும் இயந்திரத்தில் வைத்தான்.

கதவு வரை போன ஹாஜியார் அந்தச் சத்தத்தில் திரும்பினார்.

“என்னடா பண்ற? மருந்து கலாஸ்னு சொல்லிட்டுப் போறேன், நீ பாட்டுக்குக் குண்ட வைக்கிற?”

“கலாஸ்னீங்கள்ல? அதான வைக்கிறேன்.”

“அட, கலாஸ்டா! குடுவைல இல்லடா! நிரப்பிட்டு மிச்சத்தப் போடுன்னு...”

அங்கே நிறுத்திக்கொண்டார். செல்வம் கூட்டைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தான். ஒருவர் தீர்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கிறார். மற்றவர் முடிந்துவிட்டது என்று கேட்டிருக்கிறார். பார்த்தாச்சு என்றது போட்ட வரிசைகளை. கேட்டது முழுத் தட்டுக்கும். இதில் வெட்கப்பட வேண்டியது தமிழும்தான். மருந்து முடிஞ்சுபோச்சு என்று தமிழிலேயே சொல்லியிருந்தாலும் இதே ஐந்து கூடு காலியாகத்தான் போயிருக்கும்.

பூ சயீதுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய சொல். குடுவையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தார். “ஹாதா மாஃபி.” இது ‘இல்லை’. பிறகு நிரம்பிய ஒரு வரிசையைத் தொட்டார். “ஹாதா கலாஸ்.” இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். வருந்தத்தக்க குழப்பம். ஆனால் ஹாஜியார் கொடுத்த வாக்குமூலம் அப்படியே நிற்கிறது, முடித்தாகிவிட்டது என்று அவர் சொல்லவில்லை. டார்ச் அடிக்காதது ஊழியர் தவறு. அறிக்கையில் மாற்றம் தேவையில்லை. உறுப்பினர் கவலைப்பட வேண்டாம்.

சட்டப்படி அதில் ஓட்டை இல்லை. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஹாஜியார் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறியிருந்தால் அடுத்த வாரம் மூத்தோர் அணியில் சுட்டிருப்பார். செல்வம் விமானத்தில் இருந்திருப்பான்.

ஹாஜியார் தட்டின் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், அந்தப் பேப்பர்ல அவரு கேட்டது இங்கிலீஷ்ல. நான் தம்பிகிட்ட சொன்னது கலாஸ். அவன் சொன்னது சரி. தட்ட பாதில தள்ளுனது நான். பாக்க வேண்டிய அவன்கிட்ட பாத்தாச்சுன்னு சொல்லி அவன் கையக் கட்டுனதும் நான். அப்படியே எழுதுங்க.”

நான் மொழிபெயர்த்தேன். மேனேஜர் என்னிடம் மெல்ல, “விதி அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியுமான்னு கேக்குறாரா?” என்றார் ஹாஜியார். “சேரும்போது படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். எத்தன நாளைக்கு சார்?”

“நிரந்தரம்னு எழுதியிருக்கேன்.”

“திரும்ப யோசிக்க வழி வச்சிருக்கீங்களா?”

“இல்லை.”

“துணி வெட்டுற மாதிரி எழுதியிருக்கீங்க. வெட்டுனா வெட்டுனதுதான்.” சிரிக்கப் பார்த்தார். சரியாக வரவில்லை.

அறிக்கையை நான் எழுதினேன். காரணம் என்ற கட்டத்தில் ஒரு பெயருக்குப் பதில் அரைப் பக்கம் வந்தது. மேனேஜருக்குப் பிடிக்கவில்லை, பூ சயீத் கையெழுத்துப் போட்டுவிட்டார். கையைக் கட்டியவர் ஒப்புக்கொண்டதால் செல்வத்துக்கு எச்சரிக்கை மட்டும், வேலை தொடரும். ஹாஜியாருக்குத் தடை. கார் வரைக்கும் பூ சயீத் அவரோடு நடந்து போனார். வேறு எந்த உறுப்பினரோடும் அவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது கடைத்தெரு அரபி நாலு சொல்தான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது.

அந்த வாரமே விதிப் புத்தகத்தில் அந்த வரியைச் சேர்த்தேன். பூ சயீத் படித்துவிட்டு, “உஸ்தாத், என் பாஷையில் கை வைக்கிறாயா?” என்றார். இரண்டு இடத்தில் மட்டும் என்றேன். சரி என்று கையெழுத்துப் போட்டார். இனி ‘நிரம்பியது’, ‘காலி’ என்ற இரண்டே சொல், ஆங்கிலத்தில். யார் என்ன சொன்னாலும் டார்ச் அடிப்பவன் டார்ச் அடிப்பான். அடிக்கும்போது பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வாக்கியத்தை மேனேஜர் வெட்டிவிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் பயிற்சி வகுப்புக்கு அழகாக இருக்கும். அப்படி முடியவில்லை. சில மாதங்களில் செல்வம் வேலையை விட்டுவிட்டான். முசஃபாவில் ஒரு வெல்டிங் பட்டறையில் இடம் கிடைத்திருக்கிறது என்றான். சம்பளம் இதைவிடக் குறைவு, வெயில் இதைவிட அதிகம். ஏன் என்று கேட்டேன்.

“டார்ச் எடுத்தாலே ஹாஜியார் மொகம் வருது சார். கையி நடுங்குது. கையி நடுங்குறவன் இந்த ரூம்ல இருக்கக் கூடாதுல்ல?”

இருக்கக் கூடாது. அதுவும் என் விதிதான். போக விட்டேன்.

ஹாஜியாரிடம் யார் சொல்வது? நான் பர் துபாய்க்குப் போனேன். எனக்கு ஒரு திட்டம் இருந்தது. செல்வம்தான் போய்விட்டானே, இனி யாருடைய வேலைக்கும் ஆபத்து இல்லை. ஹாஜியார் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் பூ சயீதிடம் பேசிப் பார்க்கலாம். நிரந்தரம் என்ற சொல்லை எழுதியவன் நான். அதை அடித்துத் திருத்தவும் எனக்குத் தெரியும். விதிகளை எழுதுகிறவர்களுக்கு அவற்றில் கதவு எங்கே வைக்கலாம் என்பதும் தெரிந்துதான் இருக்கும்.

கடையில் கூட்டம். அவர் மேசைமேல் பூப்போட்ட துணியை விரித்து அளந்து வெட்டிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு பெண்மணி கைக்குழந்தையோடு நின்றார். என்னைப் பார்த்ததும் ஹாஜியார் ஸ்டூலைக் காட்டினார்.

“ஹாஜியாரே, செல்வம் வேலையை விட்டுட்டான்.”

கத்தரி பாதித் துணியில் நின்றது. “அனுப்பிட்டாங்களா?”

“இல்லை. அவனாகத்தான் போனான். முசஃபாவில் வேலை.”

மனுவைப் பற்றிச் சொன்னேன். எப்படி எழுத வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும், எவ்வளவு நாளாகும் என்று எல்லாம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்ததாகத் தெரியவில்லை.

“போறப்ப பேப்பர் குடுத்திருப்பீங்கள்ல? அதுல என்ன எழுதுனீங்க?”

“நல்ல முறையில் வேலை பார்த்தான், தானாக விலகினான்னு எழுதினேன்.”

“பொய் சொன்னான்னு ஒண்ணும் இல்லையே?”

“எங்கேயும் இல்லை.”

“பூ சயீத் கையெழுத்தா, உங்க கையெழுத்தா?”

“ரெண்டும்.”

தலையை ஆட்டிக்கொண்டார். மனுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் மறுபடி எடுக்கவில்லை. அந்தப் பெண்மணி, துணி நேராகப் போகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

“நேராத்தாம்மா போகுது” என்று சொல்லிவிட்டு அவர் மிச்சத்தையும் வெட்டினார்.